விண்நகரத்துப் பெண்முகாம்

விண்நகர், பெண்முகாம்
நான்காம் ஆண்டு, மூன்றாம் மாதம் ஆறாம் நாள்

தம்பி தெட்சினுக்கு அக்கா சான்மொய் எழுதுவது.

பரலோகத் தந்தையின் காவலில் நான் சுகம். உன் மனைவி குயியும் சுகம். உன் இருமல் நின்றதா? சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் ஈரச் சட்டையை மாற்று என்று எத்தனை முறை சொன்னாலும் நீ கேட்பதில்லை.

நீங்கள் படகேறி மேல்நதிக்குப் போனபின் எனக்குப் பதவி உயர்ந்திருக்கிறது. இப்போது என் கீழ் இருபத்தைந்து பெண்கள். அகழி வெட்டுகிறோம், செங்கல் சுமக்கிறோம். பாதிப் பேர் நம் குவாங்சி மலைக்காரிகள். பெரிய கால், பெரிய குரல். மீதி இந்த ஊர்க்காரிகள். ஊரை இன்னும் நான்ஜிங் என்றுதான் சொல்கிறார்கள், திருத்துவதை விட்டுவிட்டேன். சிறுவயதில் கால் கட்டப்பட்டவர்கள். நம் அரசர் ஆணைப்படி கட்டை அவிழ்த்தாயிற்று, ஆனால் அவிழ்த்ததும் எலும்பு நிமிருமா? அவர்களில் ஷென் என்று ஒரு பட்டு நெசவுக்காரி. முதல் நாள் கூடையைப் பார்த்துவிட்டு, "இதுல மண்ணைப் போட்டு நான் தூக்கணுமா, இல்ல என்னைப் போட்டு நீங்க தூக்குவீங்களா?" என்று கேட்டாள். அவளைக் கூடை முடைய உட்கார வைத்துவிட்டேன். முகாமிலேயே உறுதியான கூடை எங்களுடையதுதான்.

குயி உன்னைக் கேட்டாள். மஞ்சுப் படையோடு நடக்கும் போரை முழுவதும் வெல்லும் வரை கணவன் ஒரு முகாம், மனைவி ஒரு முகாம் என்பது சட்டம். அவள் முணுமுணுப்பதில்லை. நீயும் அப்படியே இரு.

வேளைக்குச் சாப்பிடு. தந்தை உன் தலைக்கு மேல் கை வைத்திருக்கட்டும்.

அக்கா

—

மேல்நதிப் படை
நான்காம் மாதம் இரண்டாம் நாள்

அக்காவுக்குத் தெட்சின் பணிவுடன் எழுதுவது.

இருமல் போய்விட்டது. உன் முதுகுவலி எப்படி? இருபத்தைந்து பெண்களை மேய்க்கிறாய் என்று படையில் சொன்னேன். "உங்கக்காவை இங்க அனுப்பச் சொல்லு, நாங்க போய் அகழி வெட்டறோம்" என்கிறார்கள்.

ஈயச் சுரங்கத்தில் கூலிக்குத் தோண்டிய கை இப்போது கோட்டைச் சுவருக்கடியில் தோண்டுகிறது. அக்கா, உன்னிடம் மட்டும் பெருமையாகச் சொல்கிறேன்: போன வாரம் என் சுரங்கத்தில் வெடித்த மருந்து ஒரு சுவரையே பெயர்த்துப் போட்டது. தளபதி ஹோ எல்லார் முன்பும் என் தோளைத் தட்டினார். வரி கட்ட முடியாமல் அப்பா ஜமீன் வாசலில் மண்டியிட்டது உனக்கு நினைவிருக்கும். இனி நம் ஆட்கள் யாரும் எந்த வாசலிலும் மண்டியிட மாட்டார்கள். கோயில் மரப்பொம்மைகளை உடைத்தோம், அபினை ஒழித்தோம், எல்லாருக்கும் ஒரே களஞ்சியம். இந்த வருடமே பீகிங் வரை போய்விடுவோம்.

குயியை ஞாயிறு வழிபாட்டில் முன்வரிசையில் நிற்கச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

தெட்சின்

—

விண்நகர்
ஐந்தாம் மாதம் பத்தாம் நாள்

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமென்று தந்தையிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

இங்கே சோறு கஞ்சியாகிவிட்டது. எல்லாரும் கஞ்சியே குடிக்க வேண்டுமென்று ஆணை. மலைக்காரிகள் முனகினார்கள். "கஞ்சி குடிச்சுத்தானே யொங்கான் கோட்டை மதிலேறினோம்?" என்று கேட்டு வாயடைத்தேன்.

குயிக்குப் பசி கொஞ்சம் கூடுதல். காலையில் வாசனை ஒத்துக்கொள்வதில்லை. மண் சுமப்பதிலிருந்து மாற்றி ஷென்னோடு கூடை முடைய விட்டிருக்கிறேன். வேறொன்றும் இல்லை. கவலைப்படாதே.

உனக்கு எப்போது விடுப்பு? மேலதிகாரியிடம் கேட்டுப் பார்.

அக்கா

—

மேல்நதிப் படை
ஆறாம் மாதம் எட்டாம் நாள்

அக்காவுக்கு வணக்கம்.

நான் நலம். வெயில்தான் வாட்டுகிறது. விடுப்பு கேட்கும் நேரமா இது? வெற்றி மேல் வெற்றி.

குயிக்குப் பசியென்று எழுதியிருந்தாய். பசியை அடக்கச் சொல். அவளுக்கு மட்டும் இலேசான வேலை கொடுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? என் மனைவி என்பதற்காகச் சலுகை வேண்டாம்.

எனக்கும் பதவி உயர்வு. ஒழுங்கு விசாரணையில் உட்காரும் மூவரில் நானும் ஒருவன். முதல் வழக்கே கடினமானது. அலியோங்கை உனக்குத் தெரியுமே, வெள்ளத்தில் உன் மூட்டையைத் தலையில் சுமந்து கரைசேர்த்தவன். இங்கே தன் மனைவி இருக்கும் பெண்முகாமுக்குள் புகுந்து அவளைப் பார்த்துவிட்டான். "ஒரு வருசமாச்சுண்ணே. மூஞ்சி மறந்துடுமோன்னு பயந்துட்டேன்" என்றான். நாங்கள் மூவரும் ஒரே தீர்ப்புச் சொன்னோம். இருவர் தலையும் விழுந்தன. சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று இப்போது படையே பேசுகிறது. என் குரல் நடுங்கவில்லை, அக்கா.

நலம் எழுது.

தெட்சின்

—

விண்நகர்
ஆறாம் மாதம் இருபத்தெட்டாம் நாள்

தம்பிக்கு,

கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சுகம்.

அலியோங்கின் மனைவி பெயர் என்ன?

அக்கா

—

மேல்நதிப் படை
ஏழாம் மாதம் ஐந்தாம் நாள்

அக்காவுக்கு,

சுகமா? இரண்டு பக்கம் எழுதுகிறவள் இரண்டு வரி எழுதியிருக்கிறாய். கோபமா? நான் சட்டப்படிதானே நடந்தேன்?

அவள் பெயர் தெரியவில்லை. பதிவில் 'அலியோங்கின் மனைவி' என்றுதான் இருக்கிறது. எதற்குக் கேட்கிறாய்?

குயி பற்றி ஒரு வார்த்தை இல்லை. காய்ச்சலா? மறைக்காமல் எழுது.

தெட்சின்

—

விண்நகர்
ஏழாம் மாதம் இருபதாம் நாள்

தெட்சின்,

இதுவரை எழுதியதெல்லாம் முகாம் எழுத்தர் படித்துவிட்டு அனுப்பியவை. இது, முகாமுக்கு அரிசி ஏற்றிவரும் பூன் மாமாவின் படகில் வருகிறது. படித்ததும் அடுப்பில் போடு, இனி நீயும் அவரிடமே கொடுத்தனுப்பு.

குயிக்கு ஆறாவது மாதம். குழந்தை உன்னுடையது.

நீ படகேறிய அன்று, விடிந்தும் விடியாத நேரத்தில், எங்கள் விறகுக் கொட்டகையின் பின்சுவரை ஒருவன் ஏறிக் குதித்துப் போனான். திருடனென்று விறகுக்கட்டையைத் தூக்கினேன். முதுகைப் பார்த்தேன். உன்னைச் சுமந்து வளர்த்தவளுக்கு உன் முதுகு தெரியாதா? கட்டையைக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். நான் வாய் திறந்திருந்தால் அன்றைக்கே இரண்டு தலை போயிருக்கும்.

நீ அலியோங்கைப் பற்றி எழுதியதைக் குயியிடம் காட்டவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாதது நல்லதாகப் போயிற்று. "அவர் என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டாள். "வெயில் அதிகமாம்" என்றேன்.

என் இருபத்தைந்து பேருக்கும் விஷயம் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. போன வாரம் சோதனைக்காரி வந்தாள். குயியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "எல்லாரும் குச்சியா இருக்கீங்க, இவ மட்டும் எப்படி உருண்டு போயிருக்கா?" என்றாள். ஷென்தான் எழுந்தாள். "கஞ்சி இல்லீங்க, வெறும் தண்ணி. குடிச்சா வீங்குது. எனக்கும் பாருங்க" என்று வயிற்றை எக்கித் தள்ளிக் காட்டினாள். உடனே எல்லாரும் எழுந்து "எனக்கும், எனக்கும்" என்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். "நீங்க மேல போய்ச் சொல்லுங்கம்மா, எங்களுக்குச் சோறு போடச் சொல்லி" என்று ஷென் பிடித்துக்கொண்டாள். சோதனைக்காரி போய்விட்டாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் குயிக்கு விக்கல் வந்துவிட்டது.

நான் விசுவாசத்தில் குறையவில்லை. ஒரு குழந்தையைத் தருகிறவர் யார் என்பதை நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அதை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்குத் தெரியும். உன்னால் முடிந்தால் இனி யார் தலைக்கும் தீர்ப்புச் சொல்லாதே.

சட்டை மாற்று.

அக்கா

—

மேல்நதிப் படை, பின்வாங்கிய முகாம்
ஒன்பதாம் மாதம் மூன்றாம் நாள்

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்தது உடம்பால் அல்ல.

உன் கடிதத்தை எரித்துவிட்டுச் சுரங்கத்துக்குள் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, மேல வாங்க, மண்ணு சரியுது" என்று கூப்பிட்டார்கள். வந்தேன். அதன் பிறகு தோண்டினேன், சாப்பிட்டேன், கும்பிட்டேன். அலியோங்கின் மனைவி பெயரை அவள் முகாம் வாசலில் போய் விசாரித்தேன். நியோக்இன். ஊர் நமக்குப் பக்கத்து மலை.

பிறகு நாங்கள் தோற்று, பிடித்திருந்த நகரத்தை விட்டுப் பின்வாங்கினோம். அந்தக் குழப்பத்தில் சாம்கோங் என்ற ஒருவன் தன் மனைவியைத் தேடிப்போய் அகப்பட்டான். விசாரணைக்கு மூவரும் உட்கார்ந்தோம். தளபதி ஹோவும் வந்திருந்தார். மற்ற இருவரும் "தலை" என்றார்கள். என் முறை வந்தது. நான் எழுந்து தலைப்பாகையைக் கழற்றி மேசை மேல் வைத்தேன்.

"என்ன இது?" என்றார் தளபதி.

"இவன் செஞ்சதை நானும் செஞ்சிருக்கேன். என் பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம். இவன் தலை போகணும்னா என் தலையும் போகணும். அலியோங்குக்கு ஒரு சட்டம், எனக்கொண்ணா?"

தளபதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியும் விண்நகரப் பெண்முகாமில்தான் இருக்கிறாள். கடைசியாகப் பார்த்து இரண்டு வருடம்.

"பீரங்கிச் சத்தத்துல எனக்குக் காது போயிருச்சு. நீ என்ன சொன்னேன்னு விழல" என்றார்.

"சத்தமா சொல்றேன்."

"வேணாம்யா! சுரங்கம் தோண்ட உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா? தலைப்பாகையை எடு. ரெண்டு பேரும் போய் ஏரிவாய்க் கோட்டைக்குப் பள்ளம் தோண்டுங்க. வழக்கு முடிஞ்சுது."

சாம்கோங் இப்போது என் பக்கத்தில் தோண்டுகிறான். தூங்கும்போதும் நன்றி சொல்கிறான், தொந்தரவாக இருக்கிறது.

அலியோங்குக்குத் தீர்ப்புச் சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது என்று மட்டும் குயியிடம் சொல்லாதே. மற்றதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

தெட்சின்

—

விண்நகர்
ஒன்பதாம் மாதம் இருபத்தாறாம் நாள்

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் "முட்டாள்" என்றேன். பிறகு சத்தமாகத் தந்தைக்கு நன்றி சொன்னேன். எனக்கு முதுகு சரியில்லை, காரணம் கீழே.

அறுவடைக்கு ஆள் வேண்டுமென்று பெண்முகாம்களை மதிலுக்கு வெளியே அனுப்புகிறார்கள். இதற்காகத்தான் இரண்டு மாதமாகக் காத்திருந்தேன். என் அணியை முதலில் நிறுத்தினேன். குயிக்கு மேலே வைக்கோல் மழையாடை போட்டு, கையில் அரிவாள் கொடுத்தேன். வாசலில் காவலன், "மழையே இல்ல, எதுக்கும்மா இது?" என்றான். "வயல்ல அட்டை இருக்கும், நீ வந்து பிடுங்குவியா?" என்றேன். விட்டுவிட்டான்.

நெல் இடுப்பளவு நின்றது. ஆற்றோரம் வரை அறுத்துக்கொண்டே போனோம். பூன் மாமா படகை நாணலுக்குள் செருகி வைத்திருந்தார். குயி என் கையை விடவில்லை. "அண்ணி, நீங்களும் வாங்க. உங்களைக் கொன்னுடுவாங்க" என்றாள்.

"என்னைக் கொன்னா அகழியை யாருடி வெட்டுவா? ஏறு."

அவளோடு வயதான ஒருத்தியையும் பிரசவம் பார்க்க அனுப்பினேன். திரும்பும்போது தலை எண்ணினார்கள். இரண்டு குறைந்தது. ஆற்றில் போய்விட்டார்கள் என்றேன். பொய் ஒன்றுமில்லை, ஆற்றில்தானே போனார்கள்? முப்பது அடி கொடுத்தார்கள். அடித்தவள் நம் ஊர்க்காரி. பாதியைத் தரையில் அடித்தாள். ஷென் பச்சிலை வைத்துக் கட்டுகிறாள். கட்டும்போது, "எனக்கு எப்ப அறுவடை?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன், ஆனால் அவள் சிரிக்கவில்லை.

குயி இருப்பது பூன் மாமாவின் ஊரான நாணல்திட்டில். உனக்கு வழி தெரியும்.

அக்கா

—

நாணல்திட்டு
ஐந்தாம் ஆண்டு, முதல் மாதம் இருபதாம் நாள்

அக்காவுக்குத் தெட்சின் எழுதுவது. உன் முதுகு ஆறியிருக்க வேண்டுமென்று இந்த வீட்டில் தினமும் ஜெபிக்கிறோம்.

ஏரிவாயில் எதிரியின் பெரிய கப்பல்களைத் தனியே பிரித்து எரித்தோம். நம் பக்கம் கொண்டாட்டம். தளபதி என்னைக் கூப்பிட்டு, "பத்து நாள் போய்ட்டு வா. எங்கேன்னு எங்கிட்ட சொல்லாத" என்றார்.

இங்கே வந்தபோது குயி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், எழவில்லை. "கையைக் கழுவிட்டு உள்ள போ. தூங்குறா, எழுப்பிடாத" என்றாள். பெண் குழந்தை, அக்கா. நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கிறாள். நான் குனிந்ததும் என் தாடியைப் பிடித்து இழுத்தாள்.

அலியோங்கைப் பற்றிக் குயியிடம் நானே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அவ பேரென்ன?" என்று கேட்டாள். சொன்னேன். குழந்தைக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டாள். இனி வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லித்தான் என் மகளைக் கூப்பிட வேண்டும். தகும்.

கணவன் மனைவி சேர்ந்து வாழலாமென்று அரசர் ஆணை வந்ததாம், படகுக்காரர்கள் சொன்னார்கள். ஓடிப்போய்க் குயியிடம் சொன்னேன். "வா, விண்நகருக்குப் போகலாம், இனி பயமில்ல."

"இன்னிக்கு சேர்ந்திருன்னு சொன்னவங்க நாளைக்குப் பிரின்னு சொன்னா?" என்றாள். "நான் வரல. நீ போறதுன்னா போ. இவ உன் தாடியை மறக்கறதுக்குள்ள ஒருதரம் வந்துட்டுப் போ."

பத்து நாள் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. நேற்று நாவிதன் எதிரில் உட்கார்ந்து முன்மண்டையை மழித்துக்கொண்டேன். இந்தப் பக்கத்தில் நம் ஆட்களைப் போல நீள்முடியோடு நடமாடினால் மஞ்சுப் படை பிடித்துவிடும். குளிர்காற்று படும்போது கூசுகிறது. படையில் என்னைத் தேடுவார்கள். தளபதிக்குக் காது கேட்காது என்று நம்புகிறேன். இங்கே கிணறு வெட்ட ஆள் தேவையாம். எனக்குத் தோண்டத் தெரியும்.

நீ எப்போது வருவாய்? இது வேண்டுகோள் இல்லை, அக்கா. உன் மருமகளுக்கு மொட்டையடிக்கும்போது மடியில் வைக்க ஆள் வேண்டும்.

தெட்சின்

—

பூன் மாமாவின் படகு
இரண்டாம் மாதம் பதினான்காம் நாள்

தம்பி தெட்சினுக்கும் குயிக்கும் குட்டி நியோக்இன்னுக்கும் அக்கா எழுதுவது. சுகமாக இருக்கிறேன், வாயெல்லாம் பல்லாக இருக்கிறேன்.

ஆணை வந்ததும் முகாம் வாசலில் மேசை போட்டார்கள். கணவன் வந்து பெயர் சொல்லிக் கேட்டால் மனைவியை அழைத்துப் போகலாம். நல்லதுதான். நம் மலைக்காரிகள் பலரை அவர்கள் புருஷன்மார் வந்து கூட்டிப் போனார்கள். தளபதி ஹோவின் மனைவியும் மேல்நதிக்குப் படகேறிவிட்டாள். ஆனால் கேட்க ஆளில்லாதவர்களை அதிகாரிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்களாம். என் அணியில் அப்படிப் பதினோரு பேர், ஷென்னையும் சேர்த்து. கீரைக்கட்டு பிரிப்பது போல ஒருவன் என் பெண்களைப் பார்த்து விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றே பூன் மாமாவைப் பிடித்தேன். "மாமா, எனக்குப் பதினோரு புருஷன் வேணும்."

"ஒருத்தனையே வச்சுச் சமாளிக்க முடியாதும்மா" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அரிசிப் படகுக்காரர்கள் எல்லாரையும் திரட்டிவிட்டார். மறுநாள் காலை துவைத்த சட்டையோடு பதினோரு பேர் மேசை முன் வரிசையில் நின்றார்கள். மாமா ஷென்னைக் கேட்க வந்தவர்.

"பொண்டாட்டி பேரென்ன?" என்றார் அதிகாரி.

மாமாவுக்கு வாய் பிளந்துகொண்டது. மறந்துவிட்டார். "பேரா? நான் இந்தா, இந்தான்னுதான் கூப்பிடுவேன்."

ஷென் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "பாத்தீங்களாய்யா? இத்தனை வருசம் குடும்பம் நடத்தியும் என் பேரு தெரியல! இந்த ஆளோட என்னை அனுப்பறீங்களே!" என்று அழுதாள் பார், அப்படி ஒரு அழுகை. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு, "கூட்டிட்டுப் போய்யா முதல்ல!" என்று முத்திரை குத்தினார். அவளைப் பார்த்து மற்ற பத்துப் பேரும் தங்கள் தங்கள் புருஷனைத் திட்டத் தொடங்கினார்கள். அதன் பிறகு ஒருத்தரையும் அவர் பெயர் கேட்கவில்லை.

கடைசியில் நான் மட்டும் நின்றேன். "நீ கைம்பெண்ணுதானே? உனக்கொரு நல்ல அதிகாரியாப் பாத்திருக்கோம்" என்றார்.

"அவரு ரெண்டு கூடை மண்ணு தூக்குவாரா?"

"என்னம்மா பேசற?"

"என் அணியில இப்ப ஆளே இல்ல. அகழி பாதியில கிடக்கு. முதல்ல அதைப் பாத்துட்டு வரேன், கல்யாணத்தை அப்புறம் பேசலாம்" என்றேன். மண்வெட்டியைத் தோளில் போட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, தினமும் போவது போலவே வாசலைத் தாண்டினேன். காவலன் எழுந்து நின்று வழிவிட்டான். அகழியைத் தாண்டி ஆற்றுக்கு இறங்கும்போதுதான் கூடையைக் கீழே போட்டேன். குவாங்சியிலிருந்து அந்த நகரம் வரை நடந்தே வந்தவள் நான். அங்கே வந்து சேர்ந்த நாளில் எவ்வளவு அழுதேன் என்று உனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். அந்த மதிலில் நாங்கள் அடுக்கிய செங்கல் வரிசை நேராக இருந்தது. தந்தையிடம் காலையும் மாலையும் பேசிக்கொண்டுதான் வருகிறேன். படகிலும் அவருக்குக் காது கேட்கிறது.

மாமா துடுப்பைப் போட்டதும், "எங்க விடணும்?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாள் நான் சொல்லித்தானே எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். "என்னை ஏன் பாக்கறீங்க? அவங்கவங்க ஊரைச் சொல்லுங்கடி" என்றேன். ஒருத்தி அத்தை வீடு என்றாள். ஒருத்தி எங்கே தறி இருக்கிறதோ அங்கே என்றாள். ஒருத்திக்குச் சொல்ல ஊரே இல்லை. ஷென் அவளைத் தன்னோடு அழைத்துக்கொண்டாள். ஒவ்வொரு துறையிலும் படகு நிற்கிறது, ஒருத்தி இறங்குகிறாள், மற்றவர்கள் கரையிலிருக்கும் ஆட்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தி வழியனுப்புகிறார்கள். அதனால் மெதுவாகத்தான் வருகிறோம்.

இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் போகும் சிறு படகில் வருகிறது. நாங்கள் மறுநாள் மாலைக்குள் வந்துவிடுவோம். அலை அடிக்கும், குயி குழந்தையோடு கரைக்கு வர வேண்டாம். நீ வா. சோறு கெட்டியாக வடித்து வை, கஞ்சி வேண்டாம்.

அக்கா சான்மொய்